நீங்க படிங்க

நூலகத்தில் அமைதி நிலவுகிறது என்றொரு நம்பிக்கை நாட்டில் வேரூன்றிவிட்டது. கிளை நூலகராகக் காலம் தள்ளியவன் என்ற முறையில் மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு இதை மறுக்கிறேன். அங்கே நிலவுவது தூக்கம். கரையானோடு குடித்தனம் நடத்திய சக நூலகர்களுக்கு இது தெரியும்.

ஒரு பிரதி, இரண்டு தலை

நீடாமங்கலத்துக்குப் பக்கத்து ஊரில் இருந்தேன். தூக்கத்தைக் கெடுத்தவர்கள் இருவர்: மிராசுதார் மகன் ராஜேந்திரன், அவர் வயலில் வேலை செய்தவரின் மகன் மாரியப்பன். பத்தாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. பட்டணத்துப் பையன்களின் இரண்டு கோஷ்டிகளைப் பற்றி ஒரு நாவல் வந்திருந்தது. எதிரெதிர் கோஷ்டியில் இரண்டு நண்பர்கள். கடைசியில் சேர்வார்களா என்பது கதை. பிரதி ஒன்றுதான். தலைகள் முட்ட, சேர்ந்தே படித்தார்கள்.

"திருப்புடா டேய்!" என்பான் ராஜேந்திரன்.

"இருடா, நீ முழுங்குற, நான் மெல்லுறேன்."

சொல்லாராய்ச்சி

அறுவடை வந்தது. கூலியில் அரை மரக்கால் நெல் கூட்டிக் கேட்டு மாரியப்பன் தெரு அரிவாளைக் கீழே வைத்தது. மிராசுதார்கள் லாரியில் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். பையன்களும் மதகுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிரிந்தார்கள். மிராசுதார்களின் மேலத்தெருப் பையன் ஒருவன் என்னிடம் வந்து, தங்களுக்கு வைத்துக்கொள்ள நாவலில் வரும் கோஷ்டிப் பெயரை எழுதித் தரக் கேட்டான். கோஷ்டி என்ற வடசொல் மாட்டுத் தொழுவத்தில் பிறந்தது என்று விளக்கினேன்.

"அப்ப அவனுங்களுக்குச் சரியாத்தான் இருக்கு சார்."

வைக்கோல்

இருவரும் சேர்ந்து வருவது நின்றது. காலையில் ராஜேந்திரன், சாயங்காலம் மாரியப்பன். மாரியப்பன் படித்து நிறுத்திய இடத்தில் ஒரு வைக்கோல் துண்டு வைத்துவிட்டுப் போவான். ராஜேந்திரன் அதைத் தாண்டிப் படிப்பதில்லை. மதகடியில் கல்லெறி நடந்து, மாரியப்பனின் அப்பாவைப் போலீஸ் பிடித்துப்போன பிறகு, வைக்கோல் நகரவேயில்லை. முடிவு நாலு பக்கம் தள்ளித்தானே இருக்கிறது, படித்துவிடேன் என்று ராஜேந்திரனிடம் சொன்னேன்.

"அவன் வரட்டும் சார்."

உயர்வுப் பன்மை

எல்லாரும் சமம் என்று கட்சிக்காரர்கள் சுவரில் எழுதியது காய்வதற்குள் சமரசம் வந்தது. கூலி கால் மரக்கால் கூடியது. மாரியப்பனின் அப்பாவுக்குப் பழைய வேலை கிடைத்தது. மகன் இனிமேல் சின்ன முதலாளியை 'டா' போடக் கூடாது என்பது மிராசுதாரின் நிபந்தனை.

மறுநாள் மாரியப்பன் நூலகத்துக்கு வந்தான். ராஜேந்திரன் நகர்ந்து இடம் விட்டு, "வாடா, ஒனக்காகத்தான்டா நிறுத்தி வச்சிருக்கேன்" என்றான். மாரியப்பன் நின்றுகொண்டே இருந்தான். ஒருவரைப் பலராகச் சொல்வதை இலக்கணம் உயர்வுப் பன்மை என்கிறது. அது ஓர் அடியும்கூட என்று சொல்லவில்லை.

"நீங்க படிங்க."

ராஜேந்திரன் புத்தகத்தை மூடி என் மேஜையில் வைத்துவிட்டுப் போனான்.

அடுத்த ஆய்வில், நூலுக்குள் வைக்கோல் கிடந்ததற்காக எனக்கு ஒரு மெமோ வந்தது.