திரும்பி வராத வெளிச்சம்

எழுபதுகளின் கடைசி. பாப்பிரெட்டிப்பட்டிக்கு மேலே சித்தேரி மலையில் ரோடு போடுவதற்காக அளக்கும் வேலை. நான் அதில் தற்காலிக உதவியாளன். லேசர் ஒளியால் தூரம் அளக்கும் கருவி அப்போதுதான் எங்களுக்கு வந்திருந்தது. இந்தக் குன்றிலிருந்து ஒளியை விட்டால், எதிர்க் குன்றில் நிறுத்திய மூன்று கண்ணாடிகளில் பட்டுத் திரும்பி வரும். கருவி தூரத்தைச் சொல்லிவிடும். அதைச் சேதமில்லாமல் சுமப்பது என் பொறுப்பு.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வந்த அன்று, ஜீப் பள்ளத்தில் இறங்கி ஏறியதில் கருவிப்பெட்டி என் மடியிலிருந்து குதித்துவிட்டது. முன்சீட்டில் இருந்த எஞ்சினியர் கவனிக்கவில்லை. நானும் இருமிச் சமாளித்தேன்.

குன்றேறி ஒளியை விட்டோம். எண் வரவில்லை. மறுபடி விட்டும் வரவில்லை. பேட்டரியைப் பார்க்க எஞ்சினியர் இறங்கிப் போனதும், நானே எதிரிலிருந்த கரும்பாறைக்குக் குறிவைத்துப் பார்த்தேன். அதுவும் பதில் தரவில்லை. கருவி செத்தது, வேலையும் போனது என்று தீர்மானித்தேன். நான் வேதக்காரன். மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்தேன். இது உள்ளூர் விவகாரமாயிற்றே என்று மலை முருகனுக்கும் ஒரு தேங்காய் சொல்லிவைத்தேன்.

எஞ்சினியர் திரும்பியதும் உளறிக் கொட்டினேன். "பெட்டி வுழுந்துருச்சுங்க சார். பாறையில அடிச்சும் பாத்துட்டேன், ஒண்ணும் வர்லீங்க."

"கரும்பாறை வெளிச்சத்த முழுங்கிடும்யா. மிச்சத்தையும் நாலாபக்கம் செதறடிச்சிடும். கண்ணாடிதான் வந்த வழியே திருப்பி அனுப்பும்," என்றவர், வாக்கி டாக்கியில், எதிர்க் குன்றில் கண்ணாடிகளை நிறுத்திப் பார்த்துக்கொள்ளும் கலாசியைக் கூப்பிட்டார். "கண்ணாடி சுத்தமா இருக்குதா?"

"சுத்தமா இல்லாமங்களா? பூசையில மூணுக்கும் சந்தனம் பூசி, நடுவுல குங்குமம் வெச்சங்க சார். கல்யாணப் பொண்ணு கணக்கா இருக்குது."

"முழுசாவா பூசுன?"

"சாமி காரியத்துல கஞ்சத்தனம் பண்ண முடியுங்களா?"

"தொடச்சிடுய்யா."

வாக்கி டாக்கி கரகரத்தது. "பாவம் யாருக்குங்க சார்?"

"எனக்குத்தான். தொட."

அடுத்த முறை ஒளி போனது, வந்தது. எண் ஜம்மென்று நின்றது. பயத்தில் நேர்ந்துகொண்டதுதான் என்றாலும், மெழுகுவத்தி, தேங்காய் இரண்டையும் மறக்காமல் செலுத்திவிட்டேன்.

இப்போதும் பேசினால் முகம் கொடுக்காதவர்களைப் பார்க்கும்போது, என்னில்தான் எதுவோ உடைந்துவிட்டது என்று பதறுவதில்லை. அந்தப் பக்கம் யாரோ ஆசையாய்ச் சந்தனம் பூசியிருப்பார்கள் என்று, துடைக்கும்வரை காத்திருக்கிறேன்.