மாத்திரை விழுங்கிய மாலைகள்

முதல் தடவை அது கம்பெனி பேருந்தில் வந்தது. புனேயில், போசரியிலிருந்து சாகண் தொழிற்பேட்டைக்குப் போகும் வழியில், லாரிகளுக்கு நடுவே வண்டி வழக்கம்போல நின்றுவிட்டது. திடீரென்று இதயம் தாறுமாறாக அடித்தது. விரல்கள் மரத்தன. மூச்சை எவ்வளவு இழுத்தாலும் போதவில்லை. சாகப்போகிறேன் என்றே நினைத்தேன். பக்கத்து இருக்கைக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். அந்த நிலையிலும் அவரை எழுப்ப எனக்குக் கூச்சமாக இருந்தது.

இசிஜி (இதயத்தின் மின்துடிப்பைப் பதிவுசெய்யும் சோதனை) எடுத்துப் பார்த்த மருத்துவர், இதயத்தில் ஒன்றுமில்லை, டென்ஷன்தான் என்று ஹிந்தியில் சொன்னார். சில நாட்களுக்கு மட்டும் என்று ஒரு சிறிய மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

அந்த மாத்திரை என்னைக் காப்பாற்றியது. அதை மறுப்பதற்கில்லை. போட்ட கொஞ்ச நேரத்தில் தோள் இறங்கும், மூச்சு விரியும். சில நாட்கள் என்பது சில மாதங்களானது. பேருந்து ஏற ஒன்று, மீட்டிங்குக்கு ஒன்று. பிறகு, வேலை முடிந்து வீட்டுக் கதவைத் திறந்ததும் ஒன்று. அதற்குப் பின் அந்த மாலை எப்படிப் போனது என்று எனக்கே தெரியாது.

வீட்டில் நான் மட்டும்தான். என் மனைவி செல்வி அம்பாசமுத்திரத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை. மகளும் அங்கேயே படிக்கிறாள். தினமும் சாயங்காலம் பேசுவோம். ஒருநாள் செல்வி பாதியில் நிறுத்தினாள்.

“என்ன, நாக்கு கொளறுது? குடிச்சிருக்கியளா?”

“இல்ல செல்வி. வேலை ஜாஸ்தி. அசதி.”

“எங்க அப்பாவும் அசதின்னுதான் சொல்லுவாவ.”

அதற்குப் பிறகு அவள் மகளிடம் போனைக் கொடுப்பது குறைந்தது. படிக்கிறாள், குளிக்கிறாள், டியூஷன் போயிருக்கிறாள். ஏன் என்று நானும் கேட்கவில்லை.

தொழிற்சாலையில் ஒரு மதியம், பின்னால் வந்த, சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட்டின் ஹாரன் என் காதில் விழுந்தது. விழுந்தும் கால் நகரவில்லை. ஓட்டுநர் சமயத்தில் பிரேக் பிடித்தார். இறங்கிவந்து மராட்டியில் கத்தினார். எனக்கோ எதுவுமே தோன்றவில்லை. சாவு இவ்வளவு பக்கத்தில் வந்தும் இதயம் நிதானமாக அடிக்கிறதே என்பதுதான் பின்னர் என்னைப் பயமுறுத்தியது.

அந்த வாரமே மனநல மருத்துவரைப் பார்த்தேன். பீதி நோய் (ஆபத்தே இல்லாதபோது உடல் ஆபத்து என்று அலறுவது), அதோடு மருந்துச் சார்பு (மருந்தில்லாமல் உடல் இயங்க மறுப்பது) என்றார். “இன்றைக்கே நிறுத்திவிடுகிறேன்” என்றேன்.

“அதை மட்டும் செய்யாதீர்கள்” என்றார். பல மாதம் சாப்பிட்டதைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். அவர் சொல்லும் அளவில், மெல்லமெல்லத்தான் குறைக்க வேண்டும். கூடவே பேச்சுவழிச் சிகிச்சையும் வேண்டும். இதைப் படிப்பவர்களில் என் நிலையில் யாராவது இருந்தால், உங்களிடம் நான் கேட்டுக்கொள்வதும் இதுதான்: நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சிகிச்சையாளர் ஒரு மராட்டியப் பெண்மணி. நாங்கள் ஹிந்தியில் பேசிக்கொண்டோம். என் ஹிந்தி தொழிற்சாலை ஹிந்தி. போல்ட், டெலிவரி, ரிஜெக்‌ஷன் பற்றியெல்லாம் பேசத் தெரியும். மனதைச் சொல்ல என்னிடம் ஒரே சொல்தான் இருந்தது: கப்ராஹட் (பதற்றம்). எல்லாவற்றுக்கும் அதையே சொன்னேன்.

ஆறுதல் சொல்வார் என்று போனேன். அவரோ சுழல்நாற்காலியில் உட்காரவைத்து என்னைச் சுற்றச் சொன்னார். மெல்லிய ஸ்ட்ரா வழியாக மூச்சுவிடச் சொன்னார். நின்ற இடத்திலேயே ஓடச் சொன்னார். எனக்குப் பேருந்தில் வந்த அத்தனையும் அந்த அறையில் வந்தது. “ஒன்றும் செய்யாமல் பாருங்கள். தானாக இறங்கும்” என்றார். இறங்கியது. முதல்முறை அதை நம்பவில்லை. பலமுறை பார்த்த பிறகுதான் உடல் நம்பியது.

மருந்தைக் குறைக்கக் குறைக்கக் கைநடுக்கமும் எரிச்சலும் வந்தன. ஒருமுறை முந்தைய அளவிலேயே இன்னும் சில வாரம் இருக்கும்படி மருத்துவர் சொன்னார். அதைத் தோல்வி என்று நினைத்தேன். அவர் அப்படி நினைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வழுக்கினேன். மகளின் பிறந்தநாள். வீடியோ காலில் கேக் வெட்டினாள். யாரோ கூப்பிட, போனை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். திரையில் மின்விசிறி மட்டும் சுற்றியது. உள்ளே எல்லாரும் சிரிக்கும் சத்தம் கேட்டது. காத்திருந்தேன். பிறகு கட் செய்துவிட்டு, குறைத்திருந்த அளவை மறந்து பழையபடி மாத்திரை போட்டுக்கொண்டேன்.

“மறுபடியும் கப்ராஹட்” என்று சிகிச்சையாளரிடம் சொன்னேன்.

“இதயம் வேகமாக அடித்ததா?”

“இல்லை.”

“மூச்சு முட்டியதா?”

“இல்லை. சும்மா... கனமாக இருந்தது.”

“இதற்குப் பெயர் கப்ராஹட் இல்லை. அகேலாபன்” என்றார்.

அகேலா (தனியாள்) தெரியும். ஆட்டோக்காரர்கள் கேட்கும் சொல். அகேலாபன் (தனிமை) என்று அது எனக்குள் இருக்கிற ஒன்றாக மாறி வந்தபோது, நானும் ஒருமுறை சொல்லிப்பார்த்தேன். “மனைவிக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

அன்று மாலையே செல்வியிடம் சொன்னேன். “அது குடியில்ல. மாத்திரை.”

“எத்தன நாளா?”

“ஒரு வருஷத்துக்கு மேல.”

“எங்கிட்ட சொல்லணும்னு தோணலயா?”

“சொன்னா நீ பயந்துருவ.”

“குடிக்கியன்னு நெனச்சு பயந்துகிட்டுதான இருந்தேன்” என்றாள். அழுகிறாள் என்று தெரிந்தது. போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

ஒரே நாளில் எதுவும் சரியாகிவிடவில்லை. செல்விக்கு மாறுதல் கிடைக்கவில்லை. எனக்கும் ஊர்ப் பக்கம் வேலை அமையவில்லை. மாத்திரை முழுவதும் நின்றபோது எனக்குக் கிடைத்தது நிம்மதி என்று சொல்லமாட்டேன். மாலைகள்தான் கிடைத்தன. வெயில் எதிர்க்கட்டடத்தின் சுவரில் எவ்வளவு மெதுவாக ஏறி மறைகிறது என்று பார்த்தேன். குக்கர் வைத்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவிய பிறகும் பொழுது மிச்சம் இருந்தது.

காலாண்டு விடுமுறைக்கு இருவரும் புனே வந்தார்கள். மகள் என் தோளுக்கு வளர்ந்திருந்தாள். வந்த அன்று என் முகத்தையே அடிக்கடி பார்த்தாள். இரண்டாம் நாள் என் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்துத் தின்றாள்.

விடுமுறை முடிந்து ரயிலேற்றிவிட்டேன். வண்டி நகர்ந்து கடைசிப் பெட்டியும் மறைந்தது. நெஞ்சு கனத்தது. பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்தேன். இது அது இல்லை என்று உடலுக்கே தெரிந்திருந்தது. மூச்சு சரியாக இருந்தது. அப்போது அழுகை வந்தது. மாத்திரை போட்டுக்கொண்டிருந்த காலம் முழுவதும் நான் ஒருமுறைகூட அழுததில்லை என்பது உறைத்தது.

அதை அவசரப்படுத்தவில்லை. எதிர்த்தண்டவாளத்தில் ஒரு வண்டி வந்து, ஆட்களை இறக்கி, போனது. அழுகை தனக்கு வேண்டிய நேரத்தை எடுத்துக்கொண்டு தானே ஓய்ந்தது.

பிறகு பசித்தது.