கழற்றாத தாலியும் பத்து வினாடியும்

திருவொற்றியூர் பழைய இரும்பு யார்டில் ஷெர்லினைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. 'கன்னு பொண்ணு' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். ராயபுரத்துக்காரி, வயசு இருபத்தெட்டு. அப்பா அம்புரோஸ் ஹார்பரில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர். அவள் கையிலிருந்த எக்ஸ்ரே கன் பார்வைக்கு சுவரில் ஓட்டை போடுகிற டிரில் மெஷின் மாதிரி இருக்கும். அதன் மூக்கை ஒரு துண்டு இரும்பின்மேல் வைத்து விசையை அழுத்தினால், எக்ஸ்ரே பாய்ந்து, அது எந்த உலோகம், அதில் என்னென்ன எவ்வளவு கலந்திருக்கிறது என்று பத்து வினாடியில் திரையில் சொல்லிவிடும்.

சும்மா தூக்கிக்கொண்டு திரிகிற சாமான் இல்லை அது. கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி ஆண்ட்ரூ சார், வாரம் ஒருநாள் வந்துபோகிறவர், நாலு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு மூன்றே மூன்று விஷயம் சொல்லிக் கொடுத்தார். துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு கன்னை அடிக்காதே, மேசைமேல் வை. கன்னில் சிவப்பு விளக்கு எரிகிறவரை எதிரே ஒரு ஆள் நிற்கக்கூடாது. மூக்கை எந்தக் காரணத்துக்கும் மனுஷ உடம்பு பக்கம் திருப்பாதே. ஷெர்லின் இதில் கறார். ஒருதரம் மானேஜரே போனைப் பார்த்துக்கொண்டு குறுக்கே வந்தபோது, "சார், கண்ணு தெரியலியா, தள்ளிப் போங்க" என்று விரட்டியவள். அப்பேர்ப்பட்டவள்தான் மாட்டிக்கொண்டாள். எதில் என்று கேளுங்கள், பாசத்தில்.

ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள் அது. சாப்பாட்டு நேரம். இரும்பு பிரிக்கிற பெண்கள் அவள் மேசையைச் சுற்றி வந்துவிட்டார்கள். கன் தங்கத்தையும் சொல்லிவிடும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். கம்மல், மோதிரம் என்று கழற்றி மேசையில் வைக்க, அவளும் சிரித்துக்கொண்டே கன்னை அடித்துப் பார்த்துச் சொன்னாள். வேலைக்கு வாங்கின மெஷினில் இது தப்புதான், ஆனால் யாருக்கும் அதில் ஆபத்தில்லை. அப்புறம் மதி வந்தாள்.

மதி வியாசர்பாடிக்காரி. யார்டில் ஷெர்லினுக்கு நெருக்கம் என்றால் அவள்தான். கல்யாணமாகி ஏழு வருஷம், வீட்டில் குழந்தை இல்லை, அதைப் பற்றி யாரும் அவளிடம் கேட்பதில்லை.

"ஷெர்லி, இத்தக் கொஞ்சம் பாரேன். வண்ணாரப்பேட்டைல புச்சா மாத்துனது. அந்தக் கடக்காரன் மேல எனக்கு டவுட்டாவே கீது" என்று தாலியைத் தூக்கிக் காட்டினாள்.

"கழட்டி மேச மேல வைக்கா."

மதி ஒரு மாதிரி பார்த்தாள். "இன்னா பேசுற? நாளைக்குக் கயிறு மாத்தறப்பகூட புதுசக் கட்டிகினுதான் பழசை எடுப்போம். வெறுங் கழுத்தா நிக்கச் சொல்றியா?"

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் மதி பக்கம். ஷெர்லினுக்கும் அதற்குமேல் வாய் வரவில்லை. அவள் அம்மா சிலுவைத் தாலியைக் குளிக்கும்போதுகூடக் கழற்றினதில்லை. அது என்ன விஷயம் என்று அவளுக்கா தெரியாது? பத்து வினாடிதானே என்று நினைத்துவிட்டாள். மதி நின்றபடியே தாலியை நெஞ்சுமேல் பிடித்துக்கொண்டாள். ஷெர்லின் கன்னின் மூக்கை அதன்மேல் வைத்து அழுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. நல்ல தங்கம். மதி அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். மதிக்கு அடித்த பிறகு மற்றவர்களுக்கு மாட்டேன் என்று சொல்ல முடியுமா? இன்னும் மூன்று பேர் கழுத்தோடு காட்டினார்கள், அடித்தாள்.

அஞ்சாம் நாள் காலையில் தராசு மேடைக்குப் பின்னால் மதி குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். ஷெர்லின் ஓடிப்போய்த் தலையைப் பிடித்தாள்.

"இன்னாக்கா, ஒடம்பு சரியில்லியா?"

மதி வாயைத் துடைத்துக்கொண்டு, யாரும் இல்லையே என்று பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள். "உண்டாகியிருக்கேன் ஷெர்லி. அடுத்த வாரம் மூணு மாசம் முடியுது. ரெண்டு தபா தங்காமப் பூட்ச்சு இல்ல, அதான் யாராண்டயும் மூச்சு வுடல. கண்ணு பட்டுடும்னு மாமியாரு ஒரே பேஜாரு. உனக்கு மட்டும்தான் சொல்றேன்."

ஷெர்லின் சந்தோஷப்பட்டாள். நிஜமாகவே பட்டாள், ஒரு நொடி. அடுத்த நொடி அந்தப் பத்து வினாடி ஞாபகம் வந்துவிட்டது. கர்ப்பமாக இருப்பவர்கள் முன்கூட்டியே சொல்லவும் என்று அவள் மேசைக்கு மேலேயே பலகை தொங்குகிறது. அதைப் படிக்காத பெண் இல்லை. ஆனால் மூன்று மாசம் முடியாமல் வாயைத் திறக்கிற பெண்ணும் அந்தப் பக்கத்தில் இல்லை. பலகை எழுதினவனுக்கு இது எங்கே தெரிந்தது?

மேசைக்குத் திரும்பி கன்னின் பதிவைத் திறந்தாள். அடித்த ஒவ்வொன்றும் நேரத்தோடு இருந்தது. பகல் ஒன்று இருபத்திரண்டு, தங்கம், பத்து வினாடி. அந்தக் காட்சியை மனசுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். மதி குள்ளம், தான் உயரம். கன்னைச் சாய்த்துப் பிடித்திருந்தாள். மூக்கு கீழ்நோக்கி இருந்தது. அந்தச் சின்னத் தாலி மூக்கிலுள்ள துவாரத்தை முழுக்க மூடியிருக்காது. மீதிக் கதிர் எங்கே போயிருக்கும்? மாதாவே, மாதாவே என்று வாய் தானாக முணுமுணுத்தது.

இந்தப் பதிவை யாரும் பார்ப்பதில்லை. சும்மா இருந்தால் ஒருத்தருக்கும் தெரியாது. மதிக்கு நல்லபடியாகப் பிறந்தால் சரி. பிறக்காவிட்டால்? மூன்றாவது தடவையும் தங்கவில்லை என்று அவள் தன் உடம்பையே திட்டிக்கொண்டு இருப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து தான் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஒன்றை மட்டும் ஷெர்லினால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. போனை எடுத்தாள்.

ஆண்ட்ரூ சார் திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "எத்தனை செகண்டு? உடம்புல எந்த இடம்? மூக்கு எந்தப் பக்கம் பார்த்துது?"

"நெஞ்சுல சார். கீழ பார்த்தா மாதிரி. வயித்துப் பக்கம்."

மறுமுனையில் அவர் எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. "அந்த அம்மா மட்டும்தானா, வேற யாராவதா?"

இல்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. "இன்னும் மூணு பேர் சார்" என்றாள்.

மணலியிலிருந்து ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டார். கன்னைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். அவளை ஸ்கேலோடு நிற்கவைத்து, எவ்வளவு சாய்வு, எவ்வளவு தூரம் என்று அளந்து கணக்குப் போட்டார். அவள் அவர் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நெஞ்சுத் தோலுக்குக் கொஞ்சம் போயிருக்கு. சிவக்கிற அளவுக்கு இல்ல. இந்தக் கன்னோட எக்ஸ்ரே அவ்வளவு பலமானது இல்ல, உடம்புக்குள்ள போகப் போக அடங்கிடும். கருப்பை வரைக்கும் போனது சொல்லிக்கிற மாதிரி இல்ல. குழந்தைக்கு இதால ஆபத்து வரும்னு நான் நினைக்கல" என்றார். ஷெர்லின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அவர் விடவில்லை. "உன் அதிர்ஷ்டம், இன்னைக்குக் கணக்கு இப்படி வந்துது. நாலு பேருக்கும் எழுத்துல ரிப்போர்ட் போகும். அந்த அம்மாவோட டாக்டருக்கும் சொல்லணும். இனி நீ கன்னைத் தொட முடியுமான்னு மேல முடிவு பண்ணுவாங்க. அந்த அம்மாகிட்ட நான் சொல்லவா?"

"நான் சொல்றேன் சார்."

மதியைக் கூட்டிக்கொண்டு டீக்கடைப் பக்கம் போய் உட்கார்ந்தாள். ஒன்றையும் மறைக்கவில்லை. கன்னிலிருந்து வருவது என்ன, அதை உடம்புமேல் வைத்தது தன் தப்பு, சார் போட்ட கணக்கு என்ன, எல்லாம் சொன்னாள். மதி டீயைத் தொடவில்லை. கை தானாக வயிற்றுமேல் போனது.

"ஆபத்து இல்லன்னு அந்த சார் எழுதித் தருவாரா?"

"எழுத்துலயே தர்றேன்னாருக்கா. டாக்டராண்டயும் காட்டலாம்."

"அப்ப நீ சொல்லாமயே இருந்திருக்கலாமே. நான் நிம்மதியா இருந்திருப்பேன் இல்ல? இப்ப காலு லேசா இழுத்துக்கினாக்கூட, தூக்கம் வரலன்னாக்கூட அதாலதானோன்னு தோணும். இன்னும் ஆறு மாசம் இந்த பயத்த நான் எங்க கொண்டுபோய் வைப்பேன்?"

ஷெர்லினுக்கு அழுகை வந்தது, அழவில்லை. அழுதால் மதிதான் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும். மதி எழுந்து நாலடி போய், திரும்பி நின்றாள்.

"வர்ற புதன்கிழமை ஆஸ்பத்திரி. நீயும் வா. தனியா பயப்பட என்னால முடியாது."

புதன்கிழமை ஷெர்லின் போனாள். டாக்டரம்மா ஆண்ட்ரூ சாரின் தாளை இரண்டு தடவை படித்துவிட்டு, அவர் சொன்னதையே சொன்னார். அப்புறம் நர்ஸ் மதியைப் படுக்கவைத்து, வயிற்றில் பசையைத் தடவி, சின்னக் கருவி ஒன்றை வைத்துக் குழந்தையின் துடிப்பைத் தேடினாள். கரகரவென்று இரைச்சல்தான் வந்தது. கருவியை இடது பக்கம் நகர்த்தினாள், வலது பக்கம் நகர்த்தினாள். மதி ஷெர்லினின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், நகம் பதிகிற மாதிரி. ஒரு நிமிஷம் ஆயிற்று. நர்ஸ் கொஞ்சம் கீழே அழுத்தினாள்.

டக்டக்டக்கென்று வந்தது. வேகமான, பிடிவாதமான சத்தம்.

நர்ஸ் சிரித்தாள். டாக்டரம்மா சீட்டில் எழுத ஆரம்பித்தார். ஷெர்லினுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. மதி கருவியையும் பார்க்கவில்லை, நர்ஸையும் பார்க்கவில்லை. ஷெர்லினின் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பிடித்த பிடியை மட்டும் விடவில்லை.

"அடுத்த மாசம் எட்டாந் தேதி வரச் சொல்லிகீறாங்க" என்றாள். "நீயும் லீவு சொல்லிடு."