அண்டை வீட்டுச் சொல்

போகுஸ்வாவா வ்ரோனா, சுருக்கமாகப் போகுசியா, ஹெவ்ம் நகரத்துக்குக் கிழக்கே எல்லையை நோக்கிப் போகும் தண்டவாளத்தில் கேட் கீப்பர். மணி அடித்ததும் தடுப்பை இறக்குவாள். இறக்கி முடித்ததும், வேறு யாரும் இல்லாத அந்தச் சிறு அறையில், "இறங்கியாச்சு" என்று வாய்விட்டுச் சொல்வாள். அப்படிச் சொல்ல வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. சொல்லிவிட்டால் தான் செய்ததற்குத் தானே சாட்சி ஆகிவிடலாம் என்பது அவள் எண்ணம். நியாயம் தன் பக்கம் இருந்தும் ஒருமுறை தோற்றவர்களிடம் இந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்ளும்.

அவள் தோற்றது வீட்டில். ஒரே கூரை, நடுவில் ஒரே சுவர், இரண்டு குடும்பங்கள் என்று கட்டிய வீடு அது. சுவருக்கு அந்தப் பக்கம் லெஷெக் துஜாக், சிமென்ட் ஆலையில் லாரி ஓட்டியவர். ஒரு குளிர்காலத்தின் கடைசியில் அவர் தம் பழைய அலமாரியை உடைத்து, வார்னிஷ் பூச்சோடும் பிளாஸ்டிக் பாட்டில்களோடும் சேர்த்து அடுப்பில் எரித்தார். ஈஸ்டருக்காகப் போகுசியா துவைத்துக் கொடியில் போட்டிருந்த ஜன்னல் திரைகள் கரி பூசிக்கொண்டன. வேலியோரம் போய்ச் சொன்னாள்.

"புகைக்கு மூக்கணாங்கயிறா போட முடியும், பானி வ்ரோனா?" என்றார் லெஷெக்.

மரியாதைக்குக் குறைவில்லை. அந்த ஊரில் பெண்ணைப் 'பானி' என்றும் ஆணைப் 'பான்' என்றும் அழைத்துக்கொண்டேதான் சண்டை போடுவார்கள். போகுசியா ஊராட்சிக் காவலர்களுக்குத் தகவல் கொடுத்தாள். அவர்கள் வந்து சாம்பலை அள்ளிப் பரிசோதனைக்குக் கொண்டுபோனார்கள், அபராதம் விழுந்தது. அன்று மாலை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து லெஷெக் ஒரே ஒரு சொல் சொன்னார்.

"கோள்மூட்டி."

ஒருவனைத் திருடன் என்று திட்டினால் அந்த ஊர் அடுத்த மழைக்குள் மறந்துவிடும். அண்டை வீட்டானைப் பற்றி அதிகாரியிடம் போய்ச் சொன்ன ஆள் என்ற பெயர் அப்படிப் போகாது. அந்நியப் படை இருந்த காலத்திலும், அதற்குப் பின் வந்த ஆட்சியிலும் அந்த வேலையைச் செய்தவர்கள் இன்னார் என்று பேரப்பிள்ளைகளுக்கும் தெரியும். ரொட்டிக்கடையில் போகுசியா நுழைந்தால் பேச்சு நின்றது. பாட்டிலைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கறுத்த திரைகளில் ஒன்றை அவள் துவைக்காமல் பையில் கட்டி அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். யாராவது கேட்டால் காட்டலாம் என்று. யாரும் கேட்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. லெஷெக்கின் மனைவி தனூதா மட்டும், கணவர் வீட்டில் இல்லாதபோது, தலையை அசைப்பாள்.

ஆண்டுகள் போயின. பிறகு கிழக்கே போர் வந்தது. பெண்களும் குழந்தைகளும் ஜன்னல்வரை நெருக்கியடித்த ரயில்கள் வந்துகொண்டே இருந்தன. போகுசியா அவற்றுக்காகத் தடுப்பை இறக்கினாள், ஏற்றினாள். அந்தக் கோடையில் பழைய செங்கல் சூளைப் பள்ளத்தில் இருந்த துப்பாக்கிக் கிளப்பில் சேர்ந்தாள். ஏன் என்று அவளிடம் கேட்டவர்களுக்கு, "எல்லாரும் சேர்றாங்களே" என்பதற்கு மேல் அவள் சொன்னதில்லை. அது பொய்யும் இல்லை. முன்பு ஒரு மேசையைச் சுற்றி உட்காரக்கூடிய கூட்டம்தான் கிளப். இப்போது தேவாலயத்திலிருந்து பெஞ்சுகளை இரவல் வாங்கிப் போட்டிருந்தார்கள். பல் மருத்துவர் வந்தார், முடிதிருத்தும் பெண்கள் வந்தார்கள், ஞாயிறு பூசைக்கு ஆர்கன் வாசிப்பவர்கூட வந்தார். வாழ்நாளில் துப்பாக்கியைத் தொட்டிராத கைகள்.

கிளப் தலைவர் வால்தெக், ஓய்வுபெற்ற சார்ஜென்ட். "கிளப் கேட்டுக்கு வெளியே டாக்டர், பான், பானி எல்லாம். உள்ளே வந்துட்டா எல்லாரும் 'நீ'தான். 'ஐயா, தயவுசெஞ்சு துப்பாக்கிக் குழாயை அந்தப் பக்கம் திருப்புறீங்களா'ன்னு நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள எவனாவது செத்துருவான்" என்பார்.

சுட்டு முடித்ததும் துப்பாக்கியைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று காட்ட வேண்டும். பக்கத்தில் நிற்பவர் எட்டிப் பார்த்து "பார்த்தேன், காலி" என்று சொல்ல வேண்டும். போகுசியாவுக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போயிற்று. தேர்வில் தேறினாள். மனநல மருத்துவரிடம் சான்று பெற்றாள். மிச்சமிருந்தது ஒன்றுதான். சொந்தத் துப்பாக்கிக்கு உரிமம் கேட்பவரைப் பற்றிப் பகுதிக் காவலர் அண்டை வீட்டாரிடம் விசாரிக்க வேண்டும். அவளுக்கு அண்டை வீடு என்று இருந்தது ஒன்றே ஒன்று.

காவலர் கோஸுப் சுவருக்கு அந்தப் பக்கம் நுழைந்தபோது அவள் சமையலறைக் குழாயை மூடிவிட்டு அசையாமல் நின்றாள். அந்தச் சுவர் எதையும் மறைக்காது.

"குடி, சண்டை, சத்தம், ஏதாவது உண்டா பான் துஜாக்?"

"சண்டையா? வருஷக்கணக்கா அந்தம்மா கூட ஒரு சண்டை இல்லையே. பேசினாத்தானே சண்டை."

"மனசில ஏதாவது இருந்தா சொல்லுங்க. உங்க சுவருக்கு அந்தப் பக்கம் துப்பாக்கி வரப்போகுது."

"இருக்கு. ஆனா சொல்ல மாட்டேன். நான் கோள்மூட்டி இல்ல. நல்லவங்கன்னு எழுதிக்கிட்டு டீயைக் குடிங்க."

உரிமம் வந்தது. அதற்கு நன்றி சொல்வதா, அந்தச் சொல்லுக்காகக் கோபப்படுவதா என்று போகுசியாவுக்கு விளங்கவில்லை. இரண்டையும் செய்யவில்லை.

சென்ற ஆண்டு இலையுதிர்காலத்தில் தனூதா இறந்தாள். பனி கரைந்ததும் லெஷெக் கிளப்பில் சேர்ந்தார். இளமையில் பட்டாளத்தில் பழகிய கை, குறி தப்பவில்லை. முதல் நாளே அவருக்குப் பக்கத்தில் சுடும் மேடையில் போகுசியாவை நிறுத்திவிட்டு வால்தெக் சிரித்தார். லெஷெக் சுட்டு முடித்துத் துப்பாக்கியைத் திறந்து நீட்டினார். அவள் எட்டிப் பார்த்தாள்.

"பார்த்தேன், காலி."

அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு அவரிடம் அவள் பேசிய முதல் சொற்கள் அவை.

சுட்டபின் எல்லோரும் நெருப்பு மூட்டிச் சாசேஜ் வாட்டித் தின்பது வழக்கம். தோட்டா விலை ஏறப்போகிறது, இப்போதே பெட்டி பெட்டியாக வாங்கி வைக்க வேண்டும் என்று பல் மருத்துவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நீங்கல்லாம் பணக்காரங்க," என்றார் லெஷெக். "எனக்கு ஒண்ணு போதும்."

"குறி அவ்வளவு சுத்தமாக்கும்!" என்று வால்தெக் அவர் முதுகில் தட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். போகுசியாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தச் சிரிப்பு அவளை உறுத்தியது. சுவருக்கு அந்தப் பக்கம் லெஷெக் மாலைகளில் தனூதாவிடம் பேசுவது அவளுக்குக் கேட்கும். மனைவியை இழந்தவர்கள் பேசுவார்கள், அதில் தவறில்லை. ஆனால் ஈஸ்டர் கழிந்ததிலிருந்து அவர் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்: "இன்னும் கொஞ்ச நாள்தான், தனூதா. அந்த அட்டை மட்டும் வந்துரட்டும்." அட்டை என்றால் அவர் விண்ணப்பித்திருந்த துப்பாக்கி உரிமம். அந்த வாரம் அவர் தம் நாயை மருமகனிடம் கொடுத்துவிட்டார். அதற்குச் சோறு வைக்காமல் தாம் சாப்பிட்டறியாத மனிதர். அதற்கு அடுத்த வாரம் அவருடைய நல்ல அலுமினிய ஏணி, வேலிக்கு இந்தப் பக்கம், போகுசியாவின் ஆப்பிள் மரத்தில் சாய்ந்து நின்றது. சண்டைக்கு முன் அவள் அதை அடிக்கடி இரவல் கேட்பதுண்டு. இப்போது யாரும் கேட்கவில்லை. ஏணி வந்திருந்தது.

போகுசியா எதையும் தனித்தனியாகப் பார்க்கிறவள் அல்ல. நாய், ஏணி, அட்டை, ஒரு தோட்டா. நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வேறு மாதிரி அடுக்கியும் பார்த்தாள். ஒரே பொருள்தான் வந்தது.

அடுத்த சனிக்கிழமை மேடையில் அவர் அருகே போய் நின்றாள். கேட்டுக்கு உள்ளே 'நீ' என்று பேசலாம்; வெளியே அவளுக்கு வாய் வந்திருக்காது.

"நாயை ஏன் கொடுத்த?"

"குரைச்சா உனக்குப் பிடிக்காதே."

"குரைக்கறதைப் பத்தி நான் எப்பவாவது புகார் சொன்னேனா?"

"அதைத்தான் சொல்லல. மத்ததெல்லாம் சொல்லிட்ட," என்று லெஷெக் காதுக் கவசத்தை மாட்டிக்கொண்டார்.

வால்தெக்கிடம் போய்ச் சொன்னாள். அவர் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டுக்கொண்டார். "அது ஜோக், போகுசியா. நானே அதைவிட மோசமா ஜோக் அடிச்சிருக்கேன்."

"ஜோக் அடிக்கறவங்க நாயைக் கொடுத்துட மாட்டாங்க."

"இங்க என் கண்ணு முன்னாடிதானே சுடறான்?"

"உரிமம் வந்தா வீட்டுக்குக் கொண்டுபோவாரே. அங்க உன் கண்ணு இருக்குமா?"

வால்தெக் பெருமூச்சு விட்டார். "மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? ஒரு தடவை பட்டது போதாதா உனக்கு? இந்தத் தடவை சொன்னா, இந்த பெஞ்சுல உன் பக்கத்துல எவனும் உட்கார மாட்டான். நான் சொல்லிட்டேன்."

மே மாத நடுவில், லெஷெக்கின் விண்ணப்பத்துக்காக விசாரிக்கக் கோஸுப் வந்தார். போகுசியா கண்ணாடி டம்ளரில் டீ ஊற்றிக் கசகசா கேக்கை வெட்டி வைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் லெஷெக் வீட்டில் இல்லை. கல்லறைக்குப் பூ வைக்கப் போயிருந்தார். அதை அவள் ஜன்னலில் பார்த்து உறுதி செய்துகொண்டிருந்தாள்.

"இதுல நேரம் ஆகாது, பானி வ்ரோனா. குடி, சண்டை, சத்தம்?"

"குடி இல்ல. சண்டை இல்ல. நல்ல மனுஷன்."

"அவரும் உங்களைப் பத்தி அதையேதான் சொன்னார்." கோஸுப் பேனாவை மூடப்போனார்.

"மூடாதீங்க. அவருக்குத் துப்பாக்கி கொடுக்கக் கூடாது."

கேக் கோஸுப்பின் வாய்க்குப் போகும் வழியில் நின்றது. அவள் நான்கையும் வரிசையாகச் சொன்னாள். எது தானே பார்த்தது, எது சுவர் வழியாகக் கேட்டது, எது கிளப்பில் எல்லோர் முன்னும் நடந்தது என்று பிரித்துப் பிரித்துச் சொன்னாள். கோஸுப் சட்டென்று வயது கூடியவர் போல உட்கார்ந்திருந்தார்.

"இதை நான் எழுதினா உங்க பேரும் இருக்கும். ஃபைலைப் பார்க்கற உரிமை அவருக்கு உண்டு. கண்டிப்பா கேட்டுப் படிப்பார்."

"தெரியும்."

"ஊருக்கும் தெரிஞ்சுரும். பேர் இல்லாம, 'தகவல் கிடைச்சுது'ன்னு மேலே சொல்லிப் பார்க்கட்டுமா?"

அது அவளுக்குத் திறந்துவிடப்பட்ட வழி. பெயர் இல்லாத தகவல் எதற்கும் உதவாது, ஒதுக்கிவிடுவார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். டம்ளரைத் தட்டின் நடுவில் சரியாக நகர்த்தி வைத்தாள்.

"பேரைப் போடுங்க. முழுப் பேரு. அவர் என்னைப் பத்தி நல்லவங்கன்னு சொன்னதையும் சேர்த்து எழுதுங்க. அது பொய்யாகிடக் கூடாது."

விண்ணப்பம் நின்றுபோயிற்று. லெஷெக்கை மறுபடியும் ஒரு மருத்துவரிடம் அனுப்பினார்கள். அந்த மருத்துவர் கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் பேசினார். லெஷெக் அங்கிருந்து வீட்டுக்கு வரவில்லை. நேரே மருத்துவமனைக்குப் போனார், தாமே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டு. சுவருக்கு அந்தப் பக்கம் கோடை முழுவதும் சத்தம் இல்லை. கிளப்பில் வால்தெக் சொன்னபடியே நடந்தது. சாசேஜ் வாட்டும்போது போகுசியாவின் பெஞ்சில் இரண்டு பக்கமும் இடம் இருந்தது. அவள் சுட்டு முடித்துத் துப்பாக்கியைத் திறந்து நீட்டினால் "பார்த்தேன், காலி" என்று மட்டும் சொல்வார்கள். அது விதி என்பதால். ரொட்டிக்கடையில் பேச்சு நின்றது. அவளுக்கு அது பழகிய சத்தமின்மை. ஏணியை மழை படாமல் கொட்டகைக்குள் எடுத்து வைத்தாள்.

ஆப்பிள் பழுக்கும் காலத்தில் ஒரு முற்பகல், ரயில் கேட்டில் வேலை முடித்து வந்தபோது லெஷெக் வேலியோரம் நின்றிருந்தார். மெலிந்திருந்தார். சட்டைப் பொத்தான்கள் ஒழுங்காகப் போட்டிருந்தன. போகுசியா கைப்பையை இறுகப் பிடித்தபடி நின்றாள்.

"கோள்மூட்டி," என்றார்.

"ஆமா," என்றாள் அவள். "ரெண்டாவது தடவை."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு ஆப்பிள் மரத்தைப் பார்த்தார். அதன் அடியை, அதன் பின்புறத்தை, கொட்டகைப் பக்கத்தை.

"என் ஏணி எங்க?"

"உள்ள இருக்கு."

"எடுத்துக் கொடு. கூரைத் தகடு ரெண்டு பேந்து நிக்குது. மழைக்கு முன்னாடி போடணும்."

வேலியோரத்தில் 'கொடுங்க' என்றுதான் அவர் பேசியிருக்க வேண்டும். கோபத்தில் வந்ததா, கிளப்பில் பழகியதா, அந்த 'கொடு' எந்த வகை என்று போகுசியாவுக்குப் பிடிபடவில்லை. கொட்டகைக்குப் போனாள். ஏணியைத் தூக்கி வந்து வேலிக்கு மேலே நீட்டினாள். அந்தப் பக்கம் அவர் கை அதைப் பிடித்துக்கொண்டதும், "பிடிச்சாச்சு" என்றாள்.