சூரியலங்காவில் ஒரு ஞாயிறு

பாபட்லா நிலையத்தில் இறங்கியபோது இன்னும் முழுதாக விடியவில்லை. ஹைதராபாத்திலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வந்திருந்தோம். மகள் மிருதுளா அப்பாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் மட்டும் ரயிலில் கண் மூடவில்லை. சரியான கடற்கரையைத்தான் தேர்ந்தெடுத்தோமா என்ற யோசனை.

என் கணவருக்கு ஹைதராபாத்தை ஒட்டிய பட்டான்செருவில் ஒரு மருந்து ஆலையில் ஷிப்ட் வேலை. அபூர்வமாகத்தான் ஞாயிறு விடுமுறை கிடைக்கும். போய்விட்டு உடனே திரும்ப வேண்டும். விசாகப்பட்டினம் தூரம் அதிகம். மச்சிலிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஆழமில்லாத கரை இருக்கிறது, ஆனால் எங்களுக்கு ஏற்ற ரயில் இல்லை. மிச்சமிருந்தவை இரண்டு: சீராலா பக்கம் வோடரேவு, பாபட்லா பக்கம் சூரியலங்கா. நான் கோபிசெட்டிபாளையத்துக்காரி. எங்களுக்கு வாய்க்கால் தெரியும், கடல் தெரியாது. ஐந்து வயதுப் பிள்ளையை எங்கே இறக்குவது என்று மூன்று வாரம் குடியிருப்பில் எல்லோரையும் கேட்டேன். ஆளுக்கொன்று சொன்னார்கள்.

நிலையத்து வாசலில் டீ குடிக்கும்போது மறுபடி ஆரம்பித்தேன்.

"ஏனுங்க, வோடரேவுக்கே போயிரலாமுங்களா? அங்க கூட்டம் கம்மின்னு சொன்னாங்க."

"கூட்டம் இருந்தாத்தான் பயமில்லைன்னு நீதான் சொன்ன. டிக்கெட்டு இங்க எடுத்தாச்சு, நீ இன்னும் சீராலாவுக்கே போயிட்டிருக்கற."

கடற்கரைக்கு ஒன்பது கிலோமீட்டர். ஆட்டோவுக்கு முந்நூறு ரூபாய் பேசினோம். அலை எப்படி, பள்ளம் உண்டா, போன வாரம் யாராவது அடித்துச் செல்லப்பட்டார்களா என்று ஓட்டுநரிடம் எனக்குத் தெரிந்த தெலுங்கில் கேட்டுக்கொண்டே வந்தேன். கடைசியில் அவர் திரும்பிப் பார்த்து, கடலை விலைக்கு வாங்கவா வந்திருக்கிறீர்கள் அம்மா என்றார். என் கணவர் நான் பார்க்காதபடி சிரித்தார்.

ஏழு மணிக்குக் கடல் அமைதியாக இருந்தது. அகலமான மணல், பின்னால் சவுக்குத் தோப்பு, இளநீர் வண்டிகள், சோளம் சுடும் அடுப்புகள். உடை மாற்ற அறை உண்டு, இருபது ரூபாய். உள்ளே தாழ்ப்பாள் சரியில்லை, வெளியே ஒருவர் நிற்க வேண்டும். பத்து மணிக்கு மேல் வெயில் தாங்காது, தொப்பி அவசியம்.

முதலில் கணவரை உள்ளே அனுப்பினேன். கரையில் நின்றபடி, "எதுவரைக்குமுங்க?" என்று கத்தினேன். "முழங்கால்!" என்றார். இன்னும் போகச் சொன்னேன். "இப்பவும் முழங்கால்தான்! இன்னும் போனா இலங்கை வந்துரும்!" என்றார்.

அதன் பிறகும் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஈர மணலைத் தாண்டக் கூடாது என்று மிருதுளாவிடம் சொல்லிவிட்டேன். அவளும் மூக்கைச் சிந்திக்கொண்டு வாளியில் மணல் அள்ளினாள். கடல் பத்தடி தூரத்தில் வந்து வந்து போயிற்று. முந்நூறு கிலோமீட்டர் கூட்டிவந்து பிள்ளையை மணலில் உட்கார வைத்திருக்கிறேனே என்று எனக்கே உறுத்தியது. ஆனாலும் விட மனமில்லை.

கணவர் சோளம் வாங்கப் போனார். நான் பையில் துண்டைத் தேடிக் குனிந்தேன். நிமிர்ந்தபோது அவள் ஒரு நண்டைத் துரத்திக்கொண்டு ஈர மணலைத் தாண்டியிருந்தாள்.

"நில்லு! கண்ணு, நில்லு!"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "அவுனம்மா, நீள்ளு!" என்று கூவிவிட்டு நேராகத் தண்ணீருக்குள் ஓடினாள்.

நான் இன்னும் உரக்க, "நில்லூ! நில்லூ!" என்றேன். அவள் இன்னும் வேகமாக ஓடினாள். செருப்போடு, துப்பட்டாவோடு நானும் ஓடினேன். ஓர் அலை அவள் இடுப்பில் மோதி, என் முழங்காலில் மோதிப் போனது. கையைப் பிடித்துவிட்டேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் மூச்சு வரவில்லை.

"நில்லுன்னு சொன்னேனில்ல!"

அவள் உதடு பிதுங்கியது. "நுவ்வே நீள்ளு அன்னாவு கதா!"

நீதானே தண்ணீர் என்று சொன்னாய்! அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தெலுங்கில் அவுனு என்றால் ஆமாம், தண்ணீருக்கு நீள்ளு என்று பெயர். வீட்டில் அவளை நிறுத்த "ஸ்டாப்" என்பேன், இல்லாவிட்டால் "இரு" என்பேன். பதறினால் மட்டும் வரும் என் ஊர் வார்த்தையை அவள் காதால் கேட்டதே இல்லை போல. பள்ளிக்கூடமும் விளையாட்டும் தெலுங்கில் நடக்கும் பிள்ளை. அம்மா இரண்டு மணி நேரம் கழித்து மனமிரங்கி, தண்ணீர், தண்ணீர் என்று அனுமதி கொடுத்ததாக நினைத்திருக்கிறாள்.

கரைப்பக்கம் திரும்பினால், பக்கத்துக் குடையில் இருந்த ஓர் அம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தண்ணீர் பாட்டிலோடு அலையில் நிற்கிறார். "தாகண்டி அம்மா, நீள்ளு அடிகாரு கதா" என்று, தண்ணீர் கேட்டீர்களே, குடியுங்கள் என நீட்டினார். இத்தனை பெரிய தண்ணீரின் நடுவில் நின்று தண்ணீர் கேட்டவளைப் பற்றி அவர் என்ன நினைத்தாரோ. வாங்கிக் குடித்தேன். உண்மையில் தேவைப்பட்டது. சோளத்தோடு வந்த கணவர் விஷயம் கேட்டு மணலில் உட்கார்ந்தே சிரித்தார்.

சொல் பேச்சுக் கேட்காத பிள்ளை என்றுதான் அவளை ஈர மணலுக்கு இந்தப் பக்கம் வைத்திருந்தேன். அவளோ காதில் விழுந்ததை அப்படியே கேட்டிருக்கிறாள்.

"செரி, என்ன சொன்னா நிப்ப?" என்றேன்.

யோசித்துவிட்டு, "ஆகு" என்றாள். தெலுங்கில் நில் என்பது அது.

மணலில் ஓடவிட்டு ஒத்திகை பார்த்தோம். நான் "ஆகு" என்றால் ஒற்றைக் காலிலாவது நின்றாள். அதற்குப் பிறகு அவளை விட்டேன். வெயில் ஏறும்வரையும், மறுபடி மூன்று மணிக்கு மேலும், கை பிடித்தபடி மூவரும் தண்ணீரில் இருந்தோம். குழந்தைகளோடு போகிறவர்களுக்குச் சூரியலங்காவை நான் தைரியமாகச் சொல்வேன். வோடரேவு எப்படியோ தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் இப்போது தோன்றவில்லை.

ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும். ஆட்டோ வந்து நின்றது. அப்பாவும் மகளும் துவட்டிக்கொண்டு கரையில் நிற்க, கால் மணலைக் கழுவிக்கொள்கிறேன் என்று நான் மட்டும் திரும்பிப் போனேன். கழுவின பிறகும் இரண்டடி வைத்தேன். பிறகு இன்னும் சில அடிகள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. முழங்கால் தாண்டியது.

பின்னாலிருந்து சின்னக் குரல், கண்டிப்பாக:

"அம்மா, ஆகு!"

நின்றேன்.