அப்பாவின் பத்துப் பாட்டுகள்

அப்பாவின் பத்துப் பாட்டில் ஐந்தை அழித்தவள் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. செய்தது நல்ல காரியம் என்றே நினைத்திருந்தேன்.

மாத்தளை டவுனில் வாங்கிய சிங்களக் கேசட் அது. பாடியவர் கோட்டுப் போட்ட பழைய காலத்துப் பாடகர். பத்துப் பாட்டும் ஒரே கதை. மனைவி போய்விட்டாள், இவர் தனியாக இருக்கிறார். முதல் பாட்டில் தேநீர் ஊற்றுகிறார், நாலாவதில் கடிதம் எழுதிக் கிழிக்கிறார், பத்தாவதிலும் தனியாகவே இருக்கிறார். அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அப்பா அதை முதலிலிருந்து கடைசிவரை கேட்பார். எனக்கோ இருப்புக் கொள்ளாது. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடையாய் நடப்பேன்.

"வேற பாட்டே இல்லையாப்பா?"

"கதய பாதியில விடக் கூடாது புள்ள."

அம்மாவின் இரண்டு வருட ஒப்பந்தம் முடியவிருந்தது. தைக்கு வருவாளா, இன்னும் இரண்டு வருடம் இருந்துவிடுவாளா என்று தெரியவில்லை. 'உன் விருப்பம்' என்று அப்பா கடிதம் எழுதியிருந்தார். வா என்று எழுத அவருக்கு ரோஷம்.

தோட்டத்து வரிசைவீடுகளான எங்கள் லயத்தில், வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் குரலைக் கேசட்டில் பதிந்துதான் அனுப்புவோம். குவைத்திலிருந்து லீவில் வந்திருந்த அடுத்த வீட்டு அக்கா திரும்பிப் போகிற நாளில் எங்கள் வீட்டில் வெறும் கேசட் இல்லை. எல்கடுவ பஸ் வர அரை மணிதான் இருந்தது. அப்பாவின் கேசட்டை எடுத்து, பதிய விடாமல் தடுக்கும் மேல்விளிம்பு ஓட்டைகளில் காகிதம் திணித்து, ரேடியோவில் போட்டு, பதிவதற்கான இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அமுக்கினேன்.

"அம்மா, ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சு. நான் வகுப்புல மூணாவது. அப்பா ஞாயித்துக்கிழமையானா இந்தக் கேசட்டத்தான் கேக்குறாரு. சோறுகூட ஆறிப் போயிருது. நீங்க எப்ப வருவீங்க?"

பேசிவிட்டு, நிறுத்த மறந்து ஆட்டுக்குட்டியைப் பார்க்கப் போய்விட்டேன். ஒரு பக்கம் முழுக்க ஆடு கத்துவதும், யாரோ யாரையோ ஏசுவதுமாகப் பதிந்துவிட்டது. அதை அப்படியே அக்காவிடம் கொடுத்தனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடினார். உண்மையைச் சொன்னேன். அடிக்கவில்லை. எழுந்தார், உட்கார்ந்தார், ரோட்டுவரை போய்த் திரும்பி வந்தார்.

"அந்தக் கேசட்டயா அனுப்புன? அவ கேட்டா என்ன நெனப்பா?"

கேசட் போன துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து, ஊருக்கு வந்த வேறொருவர் கையில் அதே கேசட் திரும்பி வந்தது. குரல் வந்தால் லயமே கூடி உட்கார்ந்து கேட்கும். அதனால் எந்தப் பெண்ணும் அதில் புருஷனிடம் ஒரு வார்த்தை பேச மாட்டாள். புருஷனும் தனக்குச் சம்பந்தமில்லாததுபோலக் கதவோரம் நிற்க வேண்டும். அப்பா அப்படித்தான் நின்றார். நான் பேசிய பக்கத்தில் இப்போது அம்மா பேசினாள். எனக்குத் தலைக்கு எண்ணெய் வைக்கச் சொன்னாள். ஆட்டை விசாரித்தாள். அக்கம்பக்கத்தார் ஒருவரையும் விடவில்லை. வருவதைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை. எனக்கு அழுகை முட்டியது. எல்லோரும் எழுந்து போனார்கள்.

அப்பா கேசட்டைத் திருப்பிப் போட்டார். மறுபக்கத்தில் மிச்ச ஐந்து பாட்டும் அப்படியே இருந்தன. நான் வழக்கம்போல வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கத் தொடங்கினேன். பத்தாவது பாட்டின் நடுவே பாடகர் சட்டென்று நின்றார். அம்மாவின் குரல், மிக மெதுவாக.

"தைக்கு வந்துருவேங்க. அதுவரைக்கும் இந்தப் பாட்டப் போடாதீங்க. என்னால கேக்க முடியல."

மறுபடியும் பாடகர். அப்பா பின்னுக்கு ஓட்டிக் கேட்டார். திரும்பவும் கேட்டார். சேதியைக் கத்திக்கொண்டு வெளியே ஓடப் போன என் கையைப் பிடித்து நிறுத்தினார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார், கண் ஈரமாக இருந்தது.

எனக்கு அம்மா மேல்தான் கோபம். தை பிறந்து அவள் வந்து இறங்கியதும் முதல் வேலையாகக் கேட்டேன்.

"இவ்வளவு முக்கியமான சேதிய எல்லாரும் கேக்குற பக்கத்துல சொல்லாம, அங்க போயி ஏம்மா சொன்னீங்க?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா கூரையைப் பார்த்தார்.

"எடம் மாறிப் போச்சு புள்ள," என்றாள் அம்மா.

பாவம், தெரியாமல் செய்துவிட்டாள் என்று ரேடியோவை எடுத்து வந்து, எந்தப் பொத்தானை எப்போது அமுக்க வேண்டும் என்று அவளுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன்.