இறங்கிய முள்

ஒவ்வொரு வளைவிலும் டோரீன் வீதியைப் பார்ப்பார், பக்கக் கண்ணாடியைப் பார்ப்பார், பிறகு மீட்டரில் சூடு காட்டும் முள்ளைப் பார்ப்பார். முள்ளைப் பார்க்கும்போது மட்டும் உதடு அசையும். ஜெபமா என்று கேட்டேன். “ஜெபமெல்லாம் வீட்டுலயே முடிஞ்சிருச்சு சார். இது அதுகிட்டப் பேசுறது” என்றார்.

வயது நாற்பத்தாறு. இறம்பொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயமொன்றில் பிறந்தவர். இப்போது அங்கிருந்து நுவரெலியாவுக்குப் பழைய வேன் ஓட்டுகிறார். ஏற்றத்தில் முள் பாதியைத் தாண்டினால் ஹீட்டரைத் திருகுவார். என்ஜினின் சூட்டில் கொஞ்சம் நம் பக்கம் வந்துவிடும். குளிரில் நடுங்கி ஏறியவர்கள் அக்காவின் நல்ல மனதை மெச்சுவார்கள். “உங்களுக்காகப் போடல, அதுக்காகப் போட்டேன்” என்று போட்டு உடைப்பார். மனுஷிக்கு மறைத்துப் பேச வராது.

போன செவ்வாய்க்கிழமை நான் முன் இருக்கையில். பின்னால் தனுஜா என்ற பெண். நுவரெலியாவில் ஆசிரியர் வேலைக்குப் பத்து மணி இன்டர்வியூ; ஏற்கெனவே இரண்டு முறை தவறிப்போனது. பாதி ஏற்றத்தில் முள் சிவப்பை நெருங்கியது. ஹீட்டரில் வியர்த்து வழிந்தோம். திடீரென்று முள் சடாரென்று அடிமட்டத்துக்கு இறங்கியது. எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

“எறங்கிருச்சுல்ல அக்கா, விடுங்க, போவோம்” என்றாள் தனுஜா.

டோரீன் ஓரங்கட்டி என்ஜினை நிறுத்தினார். “தண்ணி இருக்கிற வரைக்குந்தான் முள்ளு சூட்டச் சொல்லும் தங்கச்சி. தண்ணி போயிருச்சுன்னா கீழ விழுந்துரும்.” இறங்கிப் பார்த்தேன். ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து, வந்த வழியெல்லாம் பச்சை நிறத் தண்ணீர்.

ஆறு வருடத்துக்கு முன் இப்படித்தான் முள் இறங்கியதாம். அப்பாடா என்று, கல்யாணப் பெண்ணோடு இரண்டு கட்டை தூரம் ஓட்டியிருக்கிறார். என்ஜின் இறுகி நின்றுவிட்டது. பெண் கொழுந்து லொறியில் மாதா கோயில் போய்ச் சேர்ந்தாள். டோரீன் மூன்று வருடம் மறுபடி கொழுந்து பறித்தார். “சிரிச்சுக்கிட்டேதான் கொன்னேன் அந்த என்ஜின” என்றார்.

தனுஜா அழ ஆரம்பித்தாள். “இந்தத் தடவையும் போச்சு.”

டோரீன் தூறலில் நடுவீதிக்குப் போய்க் கையை விரித்து நின்றார். ஆள் பிதுங்கி வந்த பஸ் நிற்க வேண்டியதாயிற்று. கண்டக்டரோடு சிங்களத்தில் மல்லுக்கட்டி, தனுஜாவை உள்ளே தள்ளினார். “போனதும் மெசேஜ் போடு.”

என்ஜின் ஆறட்டும் என்று வேனுக்குள் உட்கார்ந்தோம். முக்கால் மணி நேரம் போனது. பொனட்டைத் தொட்டுப் பார்த்தேன், ஆறியிருந்தது. “இனித் திறக்கலாமே” என்றேன்.

“பொறுங்க சார்.” போன் அவர் உள்ளங்கையில் இருந்தது.

பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அது ஒலித்தது. படித்தார். “உள்ள கூப்பிட்டுட்டாங்களாம்” என்று எனக்கும் காட்டினார். இவ்வளவு நேரமும் அந்தப் பெண்ணுக்காகப் பதறிக்கொண்டிருந்தவரை, வண்டிக்கு மட்டும் இரங்குகிறவர் என்று நினைத்திருந்தேனே என்று வெட்கமாயிருந்தது.

அதன்பிறகுதான் டோரீன் இறங்கிப் போய்ப் பொனட்டைத் தூக்கினார்.